மாடித் தோட்டத்துக்கு எத்தனை லிட்டர் வேண்டும்? வீட்டுச் செடிகளின் நீர்க்கணக்கு

2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம் ஓர் உத்தரவு போட்டது. குடிநீரைக் கொண்டு வாகனம் கழுவக் கூடாது, கட்டடம் கட்டக் கூடாது, தோட்டத்துக்கும் பாய்ச்சக் கூடாது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு, 2019 கோடையில், பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுபோய், சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. இப்படிப்பட்ட செய்திகள் வரும்போதெல்லாம் மாடியில் நாலு தக்காளியும் இரண்டு கத்தரியும் வைத்திருப்பவர்கள் தவித்துப்போகிறார்கள். செடி வளர்ப்பதே தண்ணீரை வீணாக்கும் வேலையா? கோடையில் தோட்டத்தைக் கைவிட வேண்டுமா?

கணக்குப் போட்டுப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. கணக்குப் போட்டால் தெரியவருவது இதுதான்: செடி குடிப்பது குறைவு; நாம் ஊற்றுவது அதிகம்; இரண்டுக்கும் இடையில் உள்ள தண்ணீர் யாருக்கும் பயன்படாமல் போகிறது. கீழே வரும் எண்கள் சென்னையின் வெயிலையும் மழையையும் அடிப்படையாகக் கொண்டவை. கோவையிலோ பெங்களூரிலோ எண்கள் சற்று இறங்கும். கணக்கிடும் முறை மாறாது.

மில்லிமீட்டரிலிருந்து லிட்டருக்கு

மழையை மில்லிமீட்டரில் அளக்கிறோம். ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர் தண்ணீர். பயிரின் தேவையையும் இதே அளவில் சொல்லலாம்.

செடிக்குத் தண்ணீர் இரண்டு வழிகளில் செலவாகிறது. மண்ணின் மேற்பரப்பிலிருந்து நேராக ஆவியாவது ஒன்று. வேர் உறிஞ்சிய நீர் இலைத்துளைகள் வழியாக வெளியேறும் நீராவிப்போக்கு மற்றொன்று. வெயில், காற்று, வெப்பம், காற்றின் ஈரப்பதம் ஆகிய நான்கும் சேர்ந்து இரண்டின் வேகத்தையும் தீர்மானிக்கின்றன. சென்னையில் மே மாதத்தில் இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்குச் சுமார் 6 மில்லிமீட்டர். நவம்பர், டிசம்பரில் 3 முதல் 4 மில்லிமீட்டர் போதும்.

இலைப்பரப்பு 100 சதுர அடியை மூடியிருக்கும் ஒரு சிறு காய்கறித் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். அது 9.3 சதுர மீட்டர். அக்கினி நட்சத்திர வெயிலில் அதன் தேவை 9.3 × 6, அதாவது ஏறத்தாழ 56 லிட்டர். நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது குடிநீர்த் திட்டங்களுக்கான அரசின் அளவுகோல். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 540 லிட்டர். ஆக, கோடையின் உச்சத்தில்கூட அந்தத் தோட்டம் கேட்பது வீட்டுச் செலவில் பத்தில் ஒரு பங்கு.

இப்போது ஹோஸ் பைப்பைப் பார்ப்போம். 15 லிட்டர் வாளியை வைத்து, அது நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று ஒருமுறை அளந்துவிடுங்கள். பல வீடுகளில் ஒரு நிமிடத்தில் நிரம்பிவிடும். அப்படியானால் பத்து நிமிடம் பைப்பைப் பிடித்து நின்றால் 150 லிட்டர். தேவை 56; ஊற்றியது 150. மீதி தளத்தில் ஓடி மழைநீர்க் குழாயில் இறங்குகிறது. தோட்டத்தின் மீது வரும் பழி உண்மையில் இந்த 94 லிட்டருக்கு உரியது.

புல்வெளிக்கு மட்டும் இந்தச் சலுகையைத் தர முடியவில்லை. 1,000 சதுர அடிப் புல்தரை அதே மே மாதத்தில் நாளுக்கு 500 லிட்டருக்கு மேல் கேட்கும்; உண்ண ஒரு காய்கூடத் தராது. சென்னை போன்ற ஊரில், மழைநீரும் மறுபயன்பாட்டு நீரும் போதிய அளவில் இல்லாத வீட்டில் புல்வெளி வைப்பதை நியாயப்படுத்துவது கடினம்.

மண் எவ்வளவு பிடித்து வைக்கும்?

தேவை தெரிந்துவிட்டது. தினமும் ஊற்ற வேண்டுமா, வாரத்துக்கு ஒருமுறை போதுமா என்பதை மண்தான் சொல்லும். அதற்கு மூன்று நிலைகளைப் புரிந்துகொள்ள வேண்டும்.

1. நிறைநிலை: மண்ணின் எல்லாத் துளைகளிலும் நீர் நிரம்பி, காற்றுக்கு இடமில்லாத நிலை. வேரும் சுவாசிக்க வேண்டும். ஓரிரு நாளுக்கு மேல் இந்த நிலை நீடித்தால் பல காய்கறிச் செடிகளின் வேர் அழுகத் தொடங்கும்.

2. கொள்நிலை: கூடுதல் நீர் வடிந்துபோன பிறகு மண் தன் பிடியில் வைத்திருக்கும் அளவு. பெரிய துளைகளில் காற்று, சிறியவற்றில் நீர். செடிக்கு மிகவும் உகந்த நிலை இது.

3. வாடல்நிலை: மண்ணில் ஈரம் இருந்தாலும் வேரால் உறிஞ்ச முடியாத நிலை. அந்த ஈரத்தை மண் துகள்கள் அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கும்.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் உள்ள நீர்தான் செடிக்குக் கிடைக்கும் நீர். ஒரு மீட்டர் ஆழத்துக்குக் கணக்கிட்டால் மணலில் இது 60 முதல் 80 மில்லிமீட்டர்; வண்டல் கலந்த நல்ல தோட்ட மண்ணில் 150 மில்லிமீட்டரைத் தாண்டும். வாடல்நிலை வரை காத்திருக்கக் கூடாது. பாதி செலவானதும் அடுத்த தண்ணீரைக் கொடுத்துவிட வேண்டும்.

தரையில் நட்ட செடியின் வேர் 40 சென்டிமீட்டர் ஆழம் போகிறது என்று வைத்துக்கொண்டால், நல்ல தோட்ட மண்ணில் கிடைக்கும் நீர் 60 மில்லிமீட்டர். அதில் பாதி 30. நாளுக்கு 6 வீதம் செலவானால் ஐந்து நாள் தாங்கும். மே மாத வெயிலிலேயே ஐந்து நாளுக்கு ஒருமுறைதான். அதே செடி மணலில் இருந்தால் இரண்டு நாள்.

சென்னைக்குள்ளேயே இந்த வேறுபாடு உண்டு. திருவான்மியூர், அடையாறு, சாந்தோம், தண்டையார்பேட்டை போன்ற கடலோரப் பகுதிகளில் மணல். தியாகராய நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், பெரம்பூர், விருகம்பாக்கம் பகுதிகளில் களிமண். களிமண் நீரை நிறையப் பிடித்து வைக்கும். உள்ளே இழுப்பது மட்டும் மெதுவாக, மணிக்கு 1 முதல் 5 மில்லிமீட்டர். பைப்பை வேகமாகத் திறந்துவிட்டால் மேலே குளம் கட்டி ஓடிவிடும். மணல் நேர்மாறு: மணிக்கு 30 மில்லிமீட்டருக்கு மேல் இழுத்துக்கொண்டு, வேரைத் தாண்டிக் கீழே விட்டுவிடும். எனவே களிமண்ணில் மெதுவாகவும் இடைவெளி விட்டும், மணலில் கொஞ்சம் கொஞ்சமாகவும் அடிக்கடியும் பாய்ச்ச வேண்டும். அண்ணா நகர்த் தோட்டக்காரரின் ஆலோசனையைத் திருவான்மியூரில் அப்படியே பின்பற்றினால் செடி காய்ந்துபோகும். தொழு உரமும் மக்கிய இலையும் ஆண்டுதோறும் சேர்த்துவந்தால் இரண்டு மண்ணுமே திருந்தும். மணலுக்குப் பிடிப்பு கூடும், களிமண்ணுக்கு இளக்கம் கூடும்.

பையில் வளரும் செடி ஏன் தினமும் கேட்கிறது?

மாடித் தோட்டத்தில் பலரும் பயன்படுத்துவது 12 அங்குல விட்டமும் 12 அங்குல உயரமும் உள்ள வளர்ப்புப் பை. முழுக் கொள்ளளவு 22 லிட்டர். விளிம்பு விட்டு நிரப்பினால் 20 லிட்டர் கலவை. தென்னை நார்க்கழிவு, செம்மண், மண்புழு உரம் சேர்ந்த கலவையில் செடிக்குக் கிடைக்கும் நீர் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 4 லிட்டர். பாதியில் நிறுத்தினால் 2 லிட்டர்.

நன்கு வளர்ந்த தக்காளிச் செடியின் இலைப்பரப்பு கால் சதுர மீட்டரை மூடும். மே வெயிலில் அதன் தேவை ஒன்றரை லிட்டர். மொட்டை மாடியில் தளத்தின் சூடும் தடையில்லாத காற்றும் சேர்ந்து அதை 2 லிட்டருக்கு உயர்த்தும். பையில் இருப்பதும் 2 லிட்டர், செலவும் 2 லிட்டர். ஒரு நாள் வெளியூர் போனால் செடி துவண்டுவிடுவதற்கு இதுவே காரணம். பைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிடப் பையின் அளவைக் கூட்டுவது நீருக்கு நல்லது. 24 அங்குலப் பையில் நான்கு செடி வைத்தால், ஓரங்களில் சூடேறுவதும் காய்வதும் தனித்தனிப் பைகளைவிடக் குறைவு.

பானை, பை இரண்டுக்குமே பரவலாகச் சொல்லப்படும் ஓர் ஆலோசனை தவறானது: நீர் நன்றாக வடிய அடியில் கூழாங்கல்லோ ஓட்டுச் சில்லோ ஓர் அடுக்குப் பரப்ப வேண்டும் என்பது. நுண்துளைகள் உள்ள மண், தன் கீழே பெரிய இடைவெளிகள் இருந்தால் நீரை எளிதில் விடுவதில்லை. நனைந்த பஞ்சைச் சல்லடை மேல் வைத்தால் அடிப்பக்கம் ஈரம் தேங்கியே இருக்கும். கல் அடுக்குக்கு மேலேயும் அதுதான் நடக்கிறது. வேருக்கான இடம்தான் குறைகிறது. வடிதுளை அடைபடாமல் இருக்க ஒரு வலைத்துண்டோ, துளை மேல் ஒரே ஒரு ஓட்டுத் துண்டோ போதும்.

இன்னொன்று: நார்க்கழிவுக் கலவை முற்றிலும் காய்ந்தால் சுருங்கி, பையின் ஓரத்தில் இடைவெளி விடும். அப்போது ஊற்றும் நீர் ஓரமாகவே இறங்கி அடியில் வந்துவிடும்; நடுவில் மண் உலர்ந்தே இருக்கும். அடியில் நீர் வடிவதைப் பார்த்துச் செடி குடித்துவிட்டது என்று நம்பிவிடுகிறோம். அந்த நிலையில் கால் லிட்டர், கால் லிட்டராகப் பத்து நிமிட இடைவெளியில் மூன்று நான்கு முறை ஊற்றி, கலவையை மீண்டும் ஊறவைக்க வேண்டும்.

எப்போது ஊற்றுவது?

கடிகாரம் பார்த்து ஊற்றுவதைவிட விரலால் தொட்டுப் பார்த்து ஊற்றுவது நல்லது. இரண்டு அங்குல ஆழம் விரலை விட்டுப் பார்த்து, ஈரம் தட்டுப்பட்டால் அன்றைக்கு வேண்டாம். பையாக இருந்தால் ஒரு பக்கம் லேசாகத் தூக்கிப் பார்க்கலாம். நனைந்த பைக்கும் காய்ந்த பைக்கும் எடை வித்தியாசம் சில நாளிலேயே கைக்குப் பழகிவிடும்.

இலை துவண்டிருப்பதை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. கோடை மதியத்தில் பூசணியும் கத்தரியும் ஈரமண்ணில் இருந்தாலும் துவளும். வேர் தருவதைவிட இலை வேகமாக இழப்பதால் வரும் தற்காலிக வாட்டம் அது. மாலையில் நிமிர்ந்துவிட்டால் கவலையில்லை. காலையில் எழுந்து பார்க்கும்போதும் துவண்டிருந்தால்தான் தண்ணீர்ப் பஞ்சம், அல்லது வேரழுகல். நீர் தேங்கி வேர் அழுகிய செடியும் வாடித்தான் நிற்கும். வாடுகிறதே என்று இன்னும் ஊற்றி, இருக்கிற கொஞ்ச வேரையும் கொன்றுவிடுவது வீட்டுத் தோட்டங்களில் செடிகள் சாவதற்கு மிகவும் சாதாரணமான காரணம்.

நேரத்தைப் பொறுத்தவரை விடியற்காலை சிறந்தது. காற்று அடங்கியிருக்கும், ஆவியாவது குறைவு, பகல் வெயிலுக்கு முன் செடி நிரம்பிக்கொள்ளும். மாலையில் ஊற்றினாலும் நீர் மிச்சம்தான். இலையை நனைக்காமல் அடியில் மட்டும் ஊற்ற வேண்டும். இரவு முழுவதும் ஈரமாக இருக்கும் இலையில் பூஞ்சை நோய்கள் எளிதில் பற்றும்.

மதியத்தில் இலைமேல் நீர்த்துளி பட்டால் வெயில் குவிந்து இலை கருகும் என்பார்கள். ஹங்கேரியின் ஈயட்வஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. வழவழப்பான இலையில் படிந்த துளிகள் கருக்கலை உண்டாக்கவில்லை. இலையின் மெழுகு ரோமங்கள் துளியைப் பரப்புக்கு மேலே தூக்கிப் பிடிக்கும் சில தாவரங்களில் மட்டுமே அதற்கு வாய்ப்பு இருந்தது. ஆகவே கடும் மதியத்தில் உண்மையிலேயே தண்ணீரின்றித் தவிக்கும் செடிக்கு மாலை வரை காத்திராமல் அடியில் ஊற்றிக் காப்பாற்றலாம்.

எப்படி ஊற்றுவது?

1. பூவாளி அல்லது குவளை. இருபது பைகள் வரை இதுவே போதும், இதுவே சிக்கனம். ஒவ்வொரு செடிக்கும் எவ்வளவு போகிறது என்று கை அறியும். விலை உயர்ந்த கருவி எதுவும் இந்தக் கவனத்துக்கு ஈடாகாது என்பது என் உறுதியான கருத்து.

2. சொட்டுநீர். வயல்களில் பாய்ச்சும் நீரில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் பயிருக்குப் போகிறது, தெளிப்பானில் 75, சொட்டுநீரில் 90 வரை. மாடிக்கு இதைக் கொண்டுவரும்போது விற்பவர் சொல்லாமல் விடும் சிக்கல் ஒன்று இருக்கிறது, அழுத்தம். மேல்நிலைத் தொட்டி பைகளைவிட ஒன்றரை மீட்டர் மட்டுமே உயரத்தில் இருந்தால் கிடைக்கும் அழுத்தம் 0.15 பார். அழுத்தத்தைத் தானே சமன்செய்யும் வகைச் சொட்டுவான்கள் பெரும்பாலும் அரை பாருக்குக் கீழே சரியாக வேலை செய்வதில்லை. மாடிக்கு, திருகிச் சரிசெய்யும் எளிய சொட்டுவான்களே பொருந்தும். தானியங்கி டைமரிலும் இதே கவனம் வேண்டும்: பந்து வால்வு உள்ள வகை அழுத்தம் இல்லாவிட்டாலும் திறக்கும், மின்காந்த வால்வு வகைகள் பலவற்றுக்கு அழுத்தம் தேவை. பொருத்திய பிறகு ஒவ்வொரு சொட்டுவானின் கீழும் ஒரு டம்ளரை வைத்து 15 நிமிடம் ஓடவிட்டு அளந்து பாருங்கள். முதல் பைக்கு அரை லிட்டரும் கடைசிப் பைக்குக் கால் டம்ளரும் விழுவது சகஜம். வடிகட்டி இல்லாமல் பொருத்தவே கூடாது. உப்புநீரானால் சொட்டுவான்கள் சில மாதங்களில் அடைத்துக்கொள்ளும். மழை பெய்யும் நாளில் டைமரை நிறுத்த மறந்தால், சொட்டுநீர் சேமித்ததெல்லாம் போயிற்று.

3. பானைப் பாசனம். மெருகு பூசாத மண்பானையைக் கழுத்து வரை புதைத்து, நீர் நிரப்பி மூடி வைப்பது. சுற்றியுள்ள மண் காயக் காய அது பானைச் சுவர் வழியாக நீரை இழுத்துக்கொள்ளும். மண் நனைந்திருந்தால் கசிவு தானாகக் குறையும். தரையில் வைத்த பூசணி, புடலை, பாகல், மரக்கன்று ஆகியவற்றுக்கு மிகவும் ஏற்றது. 12 அங்குலப் பைக்குள் பானை வைத்தால் வேருக்கு இடமிருக்காது.

4. மூடாக்கு. நீர் ஊற்றும் முறையில் சேராது என்றாலும், இந்தப் பட்டியலில் மிகக் குறைந்த செலவில் மிக அதிகம் மிச்சப்படுத்துவது இதுதான். காய்ந்த இலை, வைக்கோல், கரும்புச் சோகை, நறுக்கிய தென்னை ஓலை, எது கிடைத்தாலும் இரண்டு அங்குலம் பரப்பினால் மண்ணிலிருந்து நேராக ஆவியாகும் நீர் பெருமளவு நின்றுவிடும். தண்டை ஒட்டாமல் ஓர் அங்குலம் விலக்கிப் போட வேண்டும். கறையான் உள்ள இடத்தில் வைக்கோலைத் தவிர்த்துவிடலாம். இலைச்சருகைக் கூட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு மண்ணை வெயிலில் காயவிடும் வழக்கம் மாறினாலே பல வீடுகளில் பாதிப் பிரச்சினை தீரும்.

ஏப்ரல், மே மாதங்களில் கீரைகளுக்கு 50 சதவீத நிழல்வலை கட்டினால் அவற்றின் தேவை கணிசமாகக் குறையும். காய்க்கும் செடிகளுக்கு அவ்வளவு நிழல் ஆகாது.

எந்தத் தண்ணீர்?

சிக்கனம் பற்றிய பேச்சில் இந்தக் கேள்வி அடிபட்டுப்போகிறது. சென்னையின் கடலோரப் பகுதிகளிலோ, மீஞ்சூர் போல 1960-களின் இறுதியிலிருந்தே நிலத்தடியில் கடல்நீர் ஊடுருவிய பகுதியிலோ வாழ்பவர்களுக்கு இதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

நீரில் கரைந்துள்ள மொத்த உப்பை டி.டி.எஸ். என்கிறோம். அளவு, லிட்டருக்கு மில்லிகிராம். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் பாசன நீர் வழிகாட்டுதல்படி 450-க்குக் கீழே தடையில்லை. 450 முதல் 2,000 வரை கவனம் தேவை. அதற்கு மேல் கடுமையான சிக்கல். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை வைத்து வீட்டிலேயே அளக்கலாம்.

உங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் டி.டி.எஸ். 1,000 என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு. தக்காளிப் பைக்கு நாளுக்கு 2 லிட்டர் வீதம் 60 நாள் ஊற்றினால் உள்ளே போன உப்பு 120 கிராம். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. செடி எடுத்துக்கொள்ளும் சிறு பங்கு போக மற்றதெல்லாம் அந்த 20 லிட்டர்க் கலவையிலேயே தங்கும். பையின் ஓரத்தில் வெள்ளைப் பூச்சு, இலை நுனிகளில் கருகல், ஈரம் இருந்தும் வாட்டம் எல்லாம் இதன் விளைவு. உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் உரம் போட்டால் உப்பு மேலும் கூடும்.

இங்கே சிக்கனத்துக்கு ஓர் எல்லை இருக்கிறது. அடியில் ஒரு சொட்டுக்கூட வடியாதபடி அளந்து ஊற்றுவது நல்ல நீர் உள்ளவர்களுக்குச் சரி. உப்புநீர் உள்ளவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது, கிடைப்பதில் உப்புக் குறைந்த நீரை நன்றாக ஊற்றி, ஒரு பங்கு அடியில் வடிந்து உப்பைக் கழுவிச் செல்லும்படி விட வேண்டும். வடிந்த நீரைத் தட்டில் பிடித்துக் கீழே உள்ள தென்னைக்கு ஊற்றலாம். தென்னை உப்பைத் தாங்கும். பீன்ஸ், கேரட், வெங்காயம், முள்ளங்கி தாங்காது. தக்காளி ஓரளவுக்கும் பீட்ரூட் நன்றாகவும் தாங்கும்.

வீட்டில் கிடைக்கும் மற்ற நீர்களைப் பற்றி:

ஆர்.ஓ. கருவியின் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றலாமா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. உள்ளே போவது 300 டி.டி.எஸ். உள்ள வாரியத் தண்ணீர் என்றால் வெளியே வருவது 430 அளவில் இருக்கும், தாராளமாக ஊற்றலாம். உள்ளே போவது 1,200 உள்ள கிணற்று நீர் என்றால் கழிவில் 1,700 இருக்கும். அதைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் நீரில் உப்பு மிகவும் குறைவு. சென்னையின் புழுக்கத்தில் ஓர் இரவில் சில லிட்டர் சேரும். 1,200 உள்ள கிணற்று நீரோடு சரிபாதி கலந்தால் கலவை 600 ஆகிவிடும். அரிசி, பருப்பு, காய் கழுவிய நீருக்குத் தடையே இல்லை. உப்புப் போடாததாக இருக்க வேண்டும், அன்றைக்கே ஊற்றிவிட வேண்டும்.

சலவைத் தூள்களில் சோடியம் அதிகம். களிமண்ணில் சோடியம் சேர்ந்தால் மண்கட்டிகள் சிதைந்து, துளைகள் அடைபட்டு, நீர் உள்ளே இறங்குவதே நின்றுபோகும். முதல் சுற்று நீரை விட்டுவிட்டு, கடைசியாக அலசிய நீரை மட்டும் வாழைக்கும் கல்வாழைக்கும் மரங்களுக்கும் மாற்றி மாற்றி விடலாம். குளியல் நீருக்கும் இதே விதி. கீரைக்கும் பச்சையாகத் தின்னும் காய்க்கும் இவை எதுவும் வேண்டாம். ஒரு நாளுக்கு மேல் தேக்கினால் நாற்றமெடுக்கும்.

கூரை தரும் மழை

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை. பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில். 500 சதுர அடிக் கூரையில் விழுவதில் 80 சதவீதத்தைப் பிடித்தால் ஆண்டுக்கு 52,000 லிட்டர். நம் 100 சதுர அடித் தோட்டத்தின் ஆண்டுத் தேவை சுமார் 16,000 லிட்டர். கூரையில் விழுவது மூன்று மடங்கு. ஆனால் மழை வருவது நவம்பரில், தோட்டம் கேட்பது மே மாதத்தில். 1,000 லிட்டர்த் தொட்டி நிறைந்திருந்தாலும் உச்சக் கோடையில் 18 நாளுக்குத்தான் வரும். நவம்பர் மழையை மே வரை தொட்டியில் வைத்திருப்பது பெரும்பாலான வீடுகளுக்கு இயலாது.

அப்படியானால் தொட்டி எதற்கு? கோடை மழைக்கு. இடியோடு வரும் ஒரே ஒரு 20 மில்லிமீட்டர் மழை, அதே கூரையிலிருந்து 740 லிட்டர் தரும். 13 நாள் தேவை. வானிலை மையம் இடியுடன் மழை என்று சொன்ன அன்று தொட்டியைக் காலி செய்து வைப்பதும், முதல் ஐந்து நிமிட அழுக்கு நீரை வெளியே விடுவதும்தான் வேலை. உப்பைக் கழுவும் வேலைக்கும் இந்த நீரே உகந்தது. தொட்டியில் அடங்காத பருவமழை முழுவதும் நிலத்துக்குள் இறங்க வேண்டும். 2003-லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. மண் அடைத்துப் பயனற்றுக் கிடக்கும் உறிஞ்சு குழிகளை ஆடி மாதத்தில் தூர்வாரினால் உங்கள் கிணற்றின் உப்பும் ஓரளவு இறங்கும்.

தேங்கும் நீர் எதுவானாலும் மூடி வைக்க வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் சுத்தமான நீர் தேங்கும் இடங்களில் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாகச் சுமார் ஒரு வாரம் போதும். பைகளுக்கு அடியில் உள்ள தட்டுகளை வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். தொட்டி வாயில் கொசுவலை கட்டுங்கள். இதைச் செய்ய முடியாதவர்கள் நீரைத் தேக்காமல் இருப்பது அக்கம்பக்கத்தாருக்குச் செய்யும் உதவி.

தட்டுப்பாடு வந்தால்

2019 போன்ற கோடை மறுபடியும் வரும். அப்போது எல்லாச் செடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து எல்லாவற்றையும் நோஞ்சானாக்குவதைவிட, எதை விடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுவது மேல்.

முதலில் விட வேண்டியவை காய்ப்பு முடியப்போகும் செடிகள். ஏப்ரலில் ஓய்ந்துவரும் தக்காளியைப் பிடுங்கி, அதையே மூடாக்காகப் போட்டுவிடலாம். மே, ஜூனில் பாதிப் பைகளைக் காலியாக வைத்து, ஆடிப்பட்டத்தில் புதிதாக விதைப்பது நம் ஊர்ப் பருவத்துக்கு இயல்பானதும்கூட; தென்மேற்குப் பருவத்தின் மாலை மழைகளோடு தொடங்கி வடகிழக்குப் பருவத்துக்குள் பயிர் வந்துவிடும். கோடையிலும் ஏதாவது வேண்டுமென்றால் கொத்தவரை, காராமணி, வெண்டை, பொன்னாங்கண்ணி ஆகியவற்றில் ஒன்றிரண்டை நிழலோரமாக வைத்துக்கொள்ளலாம்.

பூக்கும் நிலையிலும் பிஞ்சு பிடிக்கும் நிலையிலும் உள்ள செடிக்குத் தண்ணீரைக் குறைக்கக் கூடாது. அந்த ஒரு வாரக் குறைவு மொத்த விளைச்சலையும் உதிர்த்துவிடும். இலை விடும் பருவத்தில் உள்ள செடி சற்றுக் குறைத்தாலும் தாங்கும்.

நன்கு வேரூன்றிய முருங்கையும் வேம்பும் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும். நட்டு இரண்டாண்டு ஆகாத மா, கொய்யா, எலுமிச்சைக் கன்றுகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். பத்துப் பை கத்தரியை மூன்று மாதத்தில் திரும்ப வளர்க்கலாம். மாங்கன்றுக்கு இழந்த இரண்டு ஆண்டுகள் திரும்பாது. கன்றைச் சுற்றி இரண்டடி அகலத்துக்குச் சருகைக் குவித்து, வாரத்துக்கு இருமுறை பத்து லிட்டர் வீதம், உப்பில்லாத நீராகப் பார்த்து, மெதுவாக இறங்கும்படி ஊற்றுங்கள். அடியில் சிறு துளையிட்ட பழைய வாளி ஒன்றைக் கன்றின் பக்கத்தில் வைத்து நிரப்பிவிட்டால் அது தானே கசிந்து இறங்கும்.